இரவில் வண்டி வெளிச்சத்தைக் கோடு கோடாகப் படம் எடுப்பது எப்படி?

கேள்வி சுருக்கமாக இதுதான். கையில் ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆர், அதோடு வந்த 18-55 லென்ஸ், சாதாரண டிரைபாட் ஒன்று. நடை மேம்பாலத்தில் நின்று, கீழே போகிற வண்டிகளின் விளக்கெல்லாம் கோடாக ஓடுகிற மாதிரிப் படம் எடுக்க ஆசை. எடுத்தால், ஒன்று சாலை வெள்ளையாக வெந்துபோகிறது. இல்லாவிட்டால் கோடு மட்டும் விழுந்து சுற்றியிருக்கும் கட்டடங்கள் இருட்டில் காணாமல் போகின்றன. என்ன செட்டிங் வைப்பது, ஃபோனில் இதெல்லாம் முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

செட்டிங்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) 100, அப்பர்ச்சர் (லென்ஸின் துளை; எஃப் எண் கூடக்கூடத் துளை சின்னதாகும்) எஃப்/11, ஷட்டர் (திறந்திருக்கும் நேரம்) 20 விநாடி. நகரத்துச் சாலையில், தெருவிளக்கு எரிகிற நேரத்தில் இதை வைத்துத் தொடங்கினால் பெரும்பாலும் சரியான இடத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுவீர்கள். ஆனால் இந்த மூன்று எண்களை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் அடுத்த பாலத்தில், அடுத்த ஊரில் மறுபடியும் இதே கேள்வி வந்து நிற்கும். எண்ணுக்குப் பின்னால் இருக்கிற ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் அப்புறம் யாரிடமும் செட்டிங் கேட்க வேண்டியிருக்காது.

அந்த விஷயம் இது: இந்த வகைப் படத்தில் ஒரே ஃபிரேமுக்குள் இரண்டு எக்ஸ்போஷர், அதாவது இரண்டு வகையில் வெளிச்சம் பதிவது, நடக்கிறது. நிற்கிற பொருளுக்கு ஒன்று, ஓடுகிற விளக்குக்கு ஒன்று. கட்டடம், மரம், பாலத்துத் தூண், வானம் எல்லாம் குழாயடியில் வைத்த குடம் மாதிரி. ஷட்டர் திறந்திருக்கும் வரை வெளிச்சம் சேர்ந்துகொண்டே இருக்கும். 10 விநாடியை 20 ஆக்கினால் கட்டடம் இரு மடங்கு வெளிச்சமாகும். ஓடுகிற ஹெட்லைட் அப்படி இல்லை. சென்சாரில் (ஒளியைப் பதிக்கிற சில்லில்) ஒரு புள்ளியை அது கடப்பது விநாடியில் சின்னத் துண்டு நேரத்தில். கடந்த பிறகு ஷட்டர் ஒரு நிமிடம் திறந்திருந்தாலும் அந்தப் புள்ளிக்கு அந்த விளக்கிலிருந்து இனி எதுவும் வராது. ஆகவே ஷட்டர் நேரத்தைக் கூட்டினால் கோடு நீளும், கோடுகளின் எண்ணிக்கை கூடும்; ஒரு தனிக் கோட்டின் பிரகாசம் மாறாது. அதை மாற்றுவது அப்பர்ச்சரும் ஐஎஸ்ஓவும்தான். எஃப்/8-லிருந்து எஃப்/11-க்குப் போனால் கோடு பாதியாக மங்கும், எஃப்/16-க்குப் போனால் கால்வாசியாகும்.

ஒரே தடத்தில் ஐம்பது வண்டி போனால் கோட்டின் மேல் கோடு விழுந்து தடித்து வெளுக்கும் என்பது உண்மைதான். ஆனால் அடிப்படைக் கணக்கு மாறாது. ஐஎஸ்ஓவைக் கேமராவில் இருக்கிற குறைந்த எண்ணில் நிறுத்துங்கள். கோடு எவ்வளவு பிரகாசமாக வேண்டும் என்று பார்த்து அப்பர்ச்சரை முடிவு செய்யுங்கள். ஊர் எவ்வளவு தெரிய வேண்டும் என்று பார்த்து ஷட்டர் நேரத்தை முடிவு செய்யுங்கள். இந்த வரிசையில் போனால் குழப்பமே வராது.

1838-ல் புகைப்படக் கலையின் முன்னோடி டாகுவேர் பாரிஸில் ஒரு சாலையை மாடி ஜன்னலிலிருந்து எடுத்த படம் புகழ்பெற்றது. சந்தடியான சாலை அது. ஆனால் படத்தில் வெறிச்சோடிக் கிடக்கிறது. எக்ஸ்போஷர் பல நிமிடம் நீண்டதால் நடந்தவர்களும் குதிரை வண்டிகளும் பதியவே இல்லை. நின்ற இடத்திலேயே நின்று காலணிக்கு மெருகேற்றிக்கொண்ட ஒருவர் மட்டும் சின்ன உருவமாக விழுந்திருக்கிறார். உங்கள் மேம்பாலப் படத்திலும் அதுதான் நடக்கிறது. பேருந்தின் உடல் நகர்ந்துகொண்டே இருப்பதால் பதிவதில்லை. சுற்றுப்புறத்தைவிடப் பல மடங்கு பிரகாசமான அதன் விளக்கு மட்டும் அந்தச் சின்ன நேரத்திலேயே பதிந்துவிடுகிறது.

இப்போது உங்கள் படம் ஏன் வெந்தது என்று பார்க்கலாம். பெரும்பாலும் காரணம் சிக்னல். விளக்கு ஓடினால்தானே கோடு? சிக்னலில் வண்டிகள் நின்றுவிட்டால் ஹெட்லைட்டும் நிற்கிற பொருளாகிவிடுகிறது. ஒரே புள்ளியில் 15 விநாடி வெளிச்சத்தைக் கொட்டுகிறது. எந்த அப்பர்ச்சரும் அதைத் தாங்காது. சிக்னல் பச்சைக்கு மாறி, முதல் வரிசை வண்டிகள் நகர்ந்து வேகம் பிடித்ததும் ஷட்டரைத் திறங்கள். மறுபடி சிவப்பு விழுந்து வண்டிகள் தேங்கும் முன் மூடிவிடுங்கள். ஒரு சிக்னல் சுற்றைக் கைக்கடிகாரத்தில் பார்த்து வைத்துக்கொண்டால் போதும், அந்தச் சந்திப்பு உங்கள் கைக்குள் வந்துவிடும். நெரிசலில் வண்டிகள் ஊர்ந்து போகிறபோதும் இதே சிக்கல்தான்: மெதுவாகப் போகிற விளக்கு ஒவ்வொரு புள்ளியிலும் அதிக நேரம் தங்குகிறது, கோடு வெளுத்துத் தடிக்கிறது. நிதானமாக ஓடிக்கொண்டிருக்கும் போக்குவரத்துதான் இதற்கு ஏற்றது.

நம் ஊரில் வண்டிகள் இடது பக்கம் போவதால், பாலத்தின் நடுவில் நின்று சாலையின் நீளவாக்கில் பார்த்தால் இடப்பக்கம் விலகிப் போகிற வண்டிகளின் சிவப்பு, வலப்பக்கம் எதிரே வருகிற வண்டிகளின் வெள்ளை. வெள்ளைப் பக்கம் எப்போதும் பல மடங்கு பிரகாசம். நான் சிவப்புப் பக்கத்துக்கு ஃபிரேமில் அதிக இடம் கொடுப்பேன். வெள்ளைப் பக்கத்தை ஓரத்துக்குத் தள்ளுவேன், அல்லது பாலத்துத் தூணோ மரமோ கொஞ்சம் மறைக்கிற மாதிரி நிற்பேன். சிவப்புக்குப் பொருந்துகிற அப்பர்ச்சரில் வெள்ளை வெந்துபோகாமல் இருக்க இதைவிட எளிய வழி இல்லை.

கட்டடங்கள் இருட்டில் போகிற சிக்கலுக்குப் பதில், நேரம். இருட்டிய பிறகு போய் நின்றால் வானம் கறுப்பு, கட்டடம் கறுப்பு. அவற்றைக் கொண்டுவர இரண்டு மூன்று நிமிடம் தேவைப்படும். அதற்குள் கோட்டின் மேல் கோடாகச் சாலை நிரம்பிவிடும். சூரியன் மறைந்து, வானத்தில் இன்னும் ஆழ்ந்த நீலம் மிச்சமிருக்கும்போது, தெருவிளக்கும் ஜன்னல் விளக்குகளும் எரியத் தொடங்கியிருக்கும். அந்த நேரத்தில்தான் ஊருக்கும் கோட்டுக்கும் ஒரே 20 விநாடி போதுமானதாக அமைகிறது. ஆங்கிலேயர்கள் இந்த நேரத்தை ‘புளூ அவர்’ (நீல மணி நேரம்) என்பார்கள்; அவர்கள் ஊரில் சூரியன் சாய்வாக இறங்குகிறது, அந்தி நீள்கிறது. நமக்கு அது கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்குவதால் சூரியன் மறைந்து 15 நிமிடத்திலிருந்து 30 நிமிடம் வரைக்கும்தான் நல்ல நீலம் கிடைக்கும். சென்னையில் நவம்பரில் சூரியன் 5.40 வாக்கிலும் ஜூலையில் 6.40 வாக்கிலும் மறைகிறது. ஆபீஸ் முடிந்து எல்லோரும் வீடு திரும்புகிற நேரமும் அதுவே என்பது நமக்கு வாய்த்த வசதி.

அந்தக் கால் மணி நேரத்தில் டிரைபாடை விரித்துக்கொண்டிருக்கக் கூடாது. வெளிச்சம் இருக்கும்போதே போய் இடம் பிடித்து, ஃபிரேம் கட்டி, ஃபோகஸ் முடித்து வைத்திருக்க வேண்டும். ஃபோகஸுக்கு லைவ் வியூவில் (கேமராவின் பின்திரையில்) தூரத்துத் தெருவிளக்கு ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்து, கையால் வளையத்தைத் திருப்பி, விளக்கு மிகச் சின்னதாகத் தெரிகிற இடத்தில் நிறுத்துங்கள். அப்புறம் ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிடுங்கள். லென்ஸில் இருக்கிற ஸ்டெபிலைசேஷனையும் (கை நடுக்கத்தைச் சரிக்கட்டுகிற வசதி) டிரைபாடில் அணைப்பதே நல்லது. லென்ஸ் முன்னால் பாதுகாப்புக்கு மாட்டுகிற யுவி ஃபில்டரைக் கழற்றுங்கள். எதிரே வருகிற ஹெட்லைட் அதில் பட்டுத் திரும்பி, படத்தில் பச்சையாக ஒரு பொய் விளக்கு தெரியும். ராவ் ஃபைலில் (சென்சார் பதித்ததை அப்படியே வைத்திருக்கிற ஃபைல்) எடுங்கள். சோடியம் விளக்கின் ஆரஞ்சும் எல்இடி விளக்கின் வெள்ளையும் கலந்து கிடக்கிற நம் சாலைகளில் நிறத்தைப் பிறகுதான் நிதானமாகச் சரிசெய்ய முடியும்.

டிரைபாட் விஷயத்தில் பலர் கவனிக்காத ஒன்று, பாலமே ஆடும் என்பது. இரும்பு நடைப்பாலத்தின் கைப்பிடியில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். ஆள் நடந்து வந்தால் ஒரு அதிர்வு, கீழே கனரக லாரி போனால் வேறு அதிர்வு, யாராவது படியில் ஓடி ஏறினால் இன்னொன்று. இரண்டு தூண்களுக்கு நடுவில் அதிர்வு அதிகம். தூணுக்கு நேர் மேலே குறைவு. அதனால் டிரைபாடைத் தூணுக்கு மேலே வையுங்கள், நடுத்தண்டை உயர்த்தாதீர்கள், கேமராப் பட்டையைக் கழற்றிவிடுங்கள் அல்லது சுருட்டிக் கட்டுங்கள், காற்றில் ஆடும். டிரைபாட் கைப்பிடிக் கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கக் கூடாது. ஷட்டரை விரலால் அழுத்தாமல் 2 விநாடி டைமரில் விடுங்கள், அல்லது கேபிள் ரிலீஸ் (கேமராவைத் தொடாமல் ஷட்டரை இயக்குகிற கம்பிப் பொத்தான்) வாங்குங்கள். அதிக விலை இல்லை. 30 விநாடிக்கு மேல் போக வேண்டுமென்றால் பல்ப் மோடுக்கு (அழுத்திப் பிடித்திருக்கும் வரை ஷட்டர் திறந்திருக்கிற முறை) அது கட்டாயம் வேண்டும். கோடு வளைந்து நெளிந்து நடுங்குகிற மாதிரி வந்தால் அது வண்டியின் ஆட்டமா பாலத்தின் ஆட்டமா என்று தெரிந்துகொள்ள, கூடவே தெருவிளக்கைப் பெரிதாக்கிப் பாருங்கள். தெருவிளக்கும் நெளிந்திருந்தால் ஆடியது உங்கள் டிரைபாட்.

அப்பர்ச்சரைப் பற்றி இன்னொரு சொல். எஃப்/11, எஃப்/16-ல் தெருவிளக்குகள் நட்சத்திரமாகக் கதிர் விடும். லென்ஸுக்குள் துளையை உருவாக்குகிற இதழ்கள் இரட்டைப்படை என்றால் இதழ் எத்தனையோ அத்தனை கதிர். ஒற்றைப்படை என்றால் அதன் இரு மடங்கு. 7 இதழ் லென்ஸில் 14 கதிர் வரும். இது பிடித்துப்போய் எஃப்/22 வரை இறங்குகிறவர்கள் உண்டு. வேண்டாம் என்பேன். சின்னத் துளையில் ஒளி சிதறுவதால் படம் முழுக்கக் கூர்மை குறையும், சென்சாரில் இருக்கிற தூசியெல்லாம் வானத்தில் புள்ளியாகத் தெரியும்.

சரி, கோடுகளுக்கு வருவோம். 20 விநாடியில் கீழே என்னவெல்லாம் போகிறது என்று வெறும் கண்ணால் கவனித்துப் பழகுங்கள். எந்த வண்டி எந்தக் கோடு போடும் என்று சீக்கிரமே தெரிந்துவிடும். கார் இரண்டு இணைகோடு. எதிரே வருகிற ஆட்டோ பெரும்பாலும் ஒற்றைக் கோடு, அதுவும் மங்கலாக. பைக்கும் ஒற்றைக் கோடுதான், ஆனால் அது கார்களுக்கு நடுவில் புகுந்து புகுந்து போவதால் மற்ற கோடுகளைப் பின்னிக்கொண்டு போகும். நம் ஊர்ப் படங்களுக்கு உயிர் கொடுப்பதே அந்தப் பின்னல்தான். 2017 ஏப்ரல் முதல் புது இருசக்கர வண்டிகளின் முகப்பு விளக்கு எஞ்சின் ஓடும்போது தானாகவே எரிய வேண்டும் என்பதால் அந்தி நேரத்திலும் பைக் கோடுகள் நிறையக் கிடைக்கின்றன. இண்டிகேட்டர் போட்டுத் திரும்புகிற கார், கோட்டுக்குப் பக்கத்தில் மஞ்சள் துண்டுகளை இடைவெளி விட்டு வரிசையாகப் பதிக்கும். அரசுப் பேருந்து வந்தால் தவறவிடாதீர்கள். உயரத்தில் எரிகிற ஊர்ப் பெயர்ப் பலகை, உள்ளே எரிகிற டியூப் லைட், பின்னால் உச்சியில் சிவப்பு என்று அது ஒரு அகலமான பட்டையையே இழுத்துக்கொண்டு போகும். தரைமட்டத்தில், வளைவின் உள்பக்கத்தில் நடைபாதையில் நின்று எடுத்தால் அந்தப் பட்டை உங்கள் தலைக்கு மேலே வளைந்து போகிற மாதிரி விழும்.

சில கோடுகள் தொடர்ச்சியாக இல்லாமல் தையல் போட்ட மாதிரித் துண்டு துண்டாக வரும். கேமராவில் கோளாறு என்று பலர் பயந்துவிடுகிறார்கள். கோளாறு ஒன்றும் இல்லை. எல்இடி விளக்குகள் பலவற்றின் பிரகாசத்தைக் குறைப்பதற்கு அவற்றை வேகமாக அணைத்து அணைத்து எரியவிடுகிறார்கள். பின்பக்கச் சிவப்பு விளக்கில் இது அதிகம். கண்ணுக்குத் தெரியாது, ஓடுகிற விளக்கைப் பதிக்கிற கேமராவுக்குத் தெரியும். ஒரு விளக்கு விநாடிக்கு 200 முறை அணைந்து எரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் போனால் விநாடிக்கு 10 மீட்டர். ஆக, 5 செ.மீ.க்கு ஒரு துண்டு. பக்கத்தில் போகிற வண்டியில் துண்டுகள் எண்ணுகிற மாதிரித் தெரியும், தூரத்தில் போகப்போக ஒட்டிக்கொண்டு ஒரே கோடாகிவிடும்.

இதை வேண்டுமென்றே செய்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஃபிராங்க் கில்பிரெத்தும் அவர் மனைவி லில்லியனும் 1910-களில் தொழிலாளர்களின் கையில் சின்ன விளக்கைக் கட்டி, வேலை செய்கிறபோது கை போகிற பாதையை நீண்ட எக்ஸ்போஷரில் எடுத்தார்கள். வீணான அசைவு எது என்று கண்டுபிடிப்பது நோக்கம். முதலில் விழுந்தது தொடர்கோடு. கை எவ்வளவு வேகமாகப் போனது என்று அதில் தெரியவில்லை. விளக்கைச் சீரான இடைவெளியில் விட்டுவிட்டு எரியச் செய்தார்கள். கோடு துண்டுகளாகியது; துண்டுகளை எண்ணி நேரத்தையே அளந்துவிட்டார்கள். உங்கள் படத்தில் ஒரு காரின் சிவப்புத் துண்டுகள் நெருங்கி நெருங்கி வந்தால் அதன் வேகம் குறைந்திருக்கிறது என்று நீங்களும் சொல்லிவிடலாம்.

வண்டியே அதிகம் வராத சாலை என்றால் ஸ்டாக்கிங்தான் (பல படங்களை அடுக்கி ஒன்றாக்குவது) வழி. டிரைபாடை அசைக்காமல், 10 விநாடிப் படங்களாக 20, 30 எடுத்துக்கொண்டே போங்கள். பிறகு கணினியில் அவற்றை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, ஃபோட்டோஷாப்பிலோ ஜிம்ப்பிலோ ‘லைட்டன்’ என்கிற பிளெண்ட் மோடில் போடுங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் எந்தப் படத்தில் வெளிச்சம் அதிகமோ அது மட்டும் நிற்கும். எல்லாப் படத்திலும் ஒரே மாதிரி இருக்கிற கட்டடம் அப்படியே இருக்கும், வெளுக்காது. ஒவ்வொரு படத்திலும் வேறு இடத்தில் இருக்கிற கோடுகள் எல்லாம் சேர்ந்துவிடும். மேலே சொன்னேனே, இரண்டு எக்ஸ்போஷர் என்று. அவற்றை முழுக்கப் பிரித்துக் கையாள இதுதான் வசதியான முறை. சிக்னலில் நின்று வெந்துபோன படத்தை மட்டும் எடுத்து எறிந்துவிடலாம் என்பது கூடுதல் லாபம். ஒலிம்பஸ் 2014-ல் ‘லைவ் காம்போசிட்’ என்று கேமராவுக்குள்ளேயே இந்த வேலையைச் செய்கிற வசதியைக் கொண்டுவந்தது. திரையில் கோடுகள் சேர்வதைப் பார்த்துக்கொண்டே போதும் என்கிறபோது நிறுத்தலாம்.

தொடர் படம் எடுக்கிறபோது மெனுவில் ‘லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன்’ அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அது இயங்கினால் 30 விநாடிப் படத்துக்குப் பிறகு ஷட்டரை மூடிக்கொண்டு இன்னொரு 30 விநாடி இருட்டுப் படம் எடுத்துக் கழிக்கும். ஒற்றைப் படத்துக்கு நல்லதுதான்; தொடரில் கோட்டுக்குக் கோடு ஓட்டை விழுந்துவிடும்.

மலைச் சாலைக்கு இந்த ஸ்டாக்கிங் கச்சிதமாகப் பொருந்தும். ஏற்காட்டில் லேடீஸ் சீட் பக்கமிருந்து பார்த்தால் கீழே 20 கொண்டை ஊசி வளைவுகளோடு மலைச் சாலையும் தூரத்தில் சேலத்து விளக்குகளும் தெரியும். வண்டி எப்போதாவதுதான் வரும், ஒரே வண்டி வளைந்து வளைந்து ஏறி முடிக்கப் பல நிமிடம் ஆகும். சேலம் நிற்கிற பொருள். நீண்ட ஒற்றை எக்ஸ்போஷரில் அது வெந்துவிடும். 30 விநாடிப் படங்களை அடுக்கினால் சேலமும் பிழைக்கும், சாலையும் முழுசாக வரையப்பட்டுவிடும். மலையில் மார்கழி வாக்கில் போனால் லென்ஸில் பனி படியும்; அவ்வப்போது டார்ச் அடித்துப் பாருங்கள், கைக்குட்டையோடு நில்லுங்கள். சென்னையில் இதற்கு நேர் எதிர்: ஏசி அறையிலிருந்து கேமராவை நேராக வெளியே எடுத்தால் புழுக்கத்தில் லென்ஸ் வியர்த்துவிடும். அரை மணி முன்பே பையோடு வெளியே வைத்துவிடுங்கள்.

ஓடுகிற விளக்கு என்றால் வண்டி மட்டும்தானா? இதே கணக்கு எங்கெல்லாம் ஓடுகிறது என்று பார்த்தால் எனக்கு இன்றைக்கும் உற்சாகமாக இருக்கும். வானத்து நட்சத்திரமும் ஓடுகிற விளக்குதான். பூமி சுழல்வதால் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. ஷட்டரை அரை மணி திறந்து வைத்தாலும் நட்சத்திரக் கோடு பிரகாசமாகாது, வானம்தான் வெளுக்கும். ஆகவே எஃப்/3.5, ஐஎஸ்ஓ 1600, 30 விநாடி என்று 120 படம் எடுத்து லைட்டனில் அடுக்குங்கள். ஒரு மணி நேரக் கோடு கிடைக்கும். வெளிநாட்டுப் படங்களில் துருவ நட்சத்திரம் உச்சியில் நின்று எல்லாம் அதைச் சுற்றி வட்டமடிப்பதைப் பார்த்துவிட்டு இங்கே தேடாதீர்கள். ஒரு ஊரின் அட்சரேகை எத்தனை டிகிரியோ அத்தனை உயரத்தில்தான் அது நிற்கும்: சென்னையில் 13 டிகிரி, கன்னியாகுமரியில் 8. அடிவானத்தை ஒட்டி, பெரும்பாலும் புழுதியிலும் ஊர் வெளிச்சத்திலும் மறைந்திருக்கும். நமக்கு அழகு கிழக்கு. இங்கே நட்சத்திரங்கள் கிழக்கிலிருந்து கிட்டத்தட்ட நேர்க்குத்தாக மேலே ஏறுகின்றன. அகன்ற லென்ஸில் இடப்பக்கக் கோடுகள் வடக்கே வளைய, வலப்பக்கக் கோடுகள் தெற்கே வளைய, நடுவில் நேர்கோடுகள் மழை மேல்நோக்கிப் பெய்கிற மாதிரி நிற்கும். ஊர் வெளிச்சம் எட்டாத இடமாகப் பாருங்கள். ஜவ்வாது மலையில் காவலூரில் 2.3 மீட்டர் தொலைநோக்கியை வைத்ததற்கு இருட்டான வானமும் ஒரு காரணம்.

வடகிழக்குப் பருவமழையில் வருகிற மின்னலுக்கும், தீபாவளி வாணத்துக்கும் அதே விதி. ஷட்டர் நேரம் அவற்றின் பிரகாசத்தை மாற்றாது. எஃப்/8 முதல் எஃப்/11, ஐஎஸ்ஓ 100 வைத்துவிட்டுத் திறந்து காத்திருக்கலாம். வாணத்துக்குப் பல்ப் மோடில் திறந்து வைத்து, வெடிப்புகளுக்கு நடுவில் லென்ஸ் முன்னால் கறுப்பு அட்டையைப் பிடித்தால் மூன்று நான்கு வாணங்களை ஒரே படத்தில் சேர்க்கலாம். மின்னலைக் கட்டடத்துக்குள்ளிருந்து, தூரத்து மழைக்கு எடுங்கள். மொட்டை மாடியிலும் கடற்கரையிலும் நிற்கவே கூடாது.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது கார்த்திகைத் தீபத்தன்று சுற்றுகிற மாவளி. இரும்புக் கம்பளியை (ஸ்டீல் வூல்) முட்டை அடிக்கிற கம்பியில் அடைத்துப் பற்றவைத்துச் சுழற்றுகிற படங்களை இணையத்தில் நிறையப் பார்த்திருப்பீர்கள். நம் கிராமங்களில் அதற்கு இணையான ஒன்று எத்தனையோ தலைமுறையாக இருக்கிறது. ஆண் பனையின் பூக்காம்புகளை உலர்த்தி, மூட்டம் போட்டுக் கரியாக்கி, இடித்துத் தூளாக்கி, பருத்தித் துணியில் வைத்து நீளமாகச் சுருட்டிக் கட்டுவார்கள். பிளந்த பனை மட்டைக்கு நடுவில் அந்தச் சுருளை வைத்து இறுக்கி, நீளக் கயிறு கட்டி, தணலில் கனியவைத்துச் சுழற்றினால் பொறி பூப்பூவாகக் கொட்டும். ஒவ்வொரு பொறியும் ஒரு தனி ஓடுகிற விளக்கு. கிளம்பும்போது வெளிர் மஞ்சள், பறக்கப் பறக்கக் குளிர்ந்து சிவந்து மெலிந்து முடிகிறது. படத்தில் ஒவ்வொரு கோடும் அடியில் தடித்து நுனியில் கூர்ந்து வருவது அதனால்தான்.

இரும்புப் பொறியைவிடக் கரிப்பொறி மங்கல். ஐஎஸ்ஓ 200, எஃப்/5.6, 10 முதல் 15 விநாடி என்று தொடங்கிப் பாருங்கள். பொறி வெளுத்தால் அப்பர்ச்சர் துளையைக் குறையுங்கள், ஷட்டரைத் தொடாதீர்கள். சுற்றுகிறவர் தலைக்கு மேல் கிடைமட்டமாகச் சுற்றினால் குடை மாதிரி வரும். பக்கவாட்டில் செங்குத்தாகச் சுற்றி, அந்த வட்டம் கேமராவைப் பார்த்திருந்தால் முழுச் சக்கரமாக வரும். கால் நகராமல் நிற்கச் சொல்லுங்கள். ஆள் முகமும் தெரிய வேண்டுமென்றால் ஷட்டர் மூடும் முன் ஃபிளாஷை ஒரே ஒரு முறை, குறைந்த பவரில் அடித்தால் போதும். பொறி லென்ஸில் பட்டால் கண்ணாடியில் குழி விழுந்துவிடும், அதனால் தள்ளி நின்று நீள லென்ஸில் எடுங்கள். அறுவடை முடிந்த வைக்கோல், கூரை, காய்ந்த புல் பக்கத்தில் இருக்கக் கூடாது. ஒரு வாளி தண்ணீரும் ஈரச் சாக்கும் அருகில் இருக்கட்டும். கலிஃபோர்னியாவில் ‘பாயின்ட் ரேயிஸ்’ என்ற பழைய படகு 2016-ல் எரிந்தது. இரும்புக் கம்பளி சுற்றிப் படம் எடுத்தவர்களால்தான் தீப்பிடித்தது என்று கருதப்பட்டது. புகைப்படக்காரர்கள் தேடித் தேடிப் போன படகு அது.

இடம், அனுமதி பற்றியும் சொல்ல வேண்டும். வண்டிகள் மட்டுமே போகிற மேம்பாலத்தில் ஓரமாக நின்று எடுக்காதீர்கள். சாலை நடுவிலிருக்கிற தடுப்பில் ஏறி நிற்கவே நிற்காதீர்கள். இருட்டில் கறுப்புச் சட்டையோடு டிரைபாட் பக்கத்தில் நிற்கிற ஆளை ஓட்டுநர் பார்ப்பது கடினம். கத்திப்பாரா மாதிரிச் சுற்றிச் சுற்றி வளைகிற சந்திப்பின் முழு உருவம் உயரத்திலிருந்துதான் தெரியும். பக்கத்துக் கட்டடக்காரரிடம் முறையாகக் கேட்டு மொட்டை மாடிக்குப் போவதுதான் வழி. தஞ்சைப் பெரிய கோயில், மாமல்லபுரம் போன்று தொல்லியல் துறை பராமரிக்கிற இடங்களில் டிரைபாடுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். தண்டவாளப் பக்கம் வேண்டாம். முடிந்தவரை இரண்டு பேராகப் போங்கள்; ஃபிரேமுக்குள் பார்த்துக்கொண்டிருக்கிறபோது பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியாது.

கடைசியாக ஃபோன். முடியும். ஐஃபோனில் லைவ் ஃபோட்டோவாக எடுத்துவிட்டு, பிறகு அந்தப் படத்தின் எஃபெக்ட் பட்டியலில் ‘லாங் எக்ஸ்போஷர்’ என்று மாற்றினால் மூன்று விநாடி அசைவு ஒன்றாகச் சேர்ந்துவிடும். மூன்று விநாடிதான் என்பதால் வேகமாகப் போகிற வண்டிகள், நெருக்கமான ஃபிரேம் வைத்தால்தான் கோடு நீளமாகத் தெரியும். ஆண்ட்ராய்டு ஃபோன்கள் பலவற்றில் புரோ மோடில் ஷட்டரை 10 விநாடிக்கும் மேல் வைக்கலாம். ஆனால் பெரும்பாலான ஃபோன்களில் அப்பர்ச்சரை மாற்ற முடியாது, எஃப்/1.8 மாதிரி அகலமாகத் திறந்தே இருக்கும். கோட்டின் பிரகாசத்தைக் கட்டுப்படுத்துகிற முக்கியமான பிடி அங்கே உங்கள் கையில் இல்லை. ஐஎஸ்ஓவை 50-க்கு இறக்குங்கள், ஷட்டரை 2 முதல் 4 விநாடியாக வைத்துப் பல படம் எடுத்து லைட்டனில் அடுக்குங்கள். கிளிப்-ஆன் என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கிற கறுத்த கண்ணாடி) கிடைத்தால், என்டி8 போட்டால் மூன்று ஸ்டாப் குறையும், அதாவது வெளிச்சம் எட்டில் ஒரு பங்காகும், எஃப்/1.8 லென்ஸ் எஃப்/5 மாதிரி நடந்துகொள்ளும். டிரைபாடும் டைமரும் ஃபோனுக்கும் தேவை. கையில் பிடித்துக்கொண்டு எடுக்கிற நைட் மோடு இதற்கு உதவாது. நகர்கிறதையெல்லாம் மங்கலாக்காமல் நிறுத்திக் காட்டுவதுதான் அதன் வேலை.